செகண்ட் ஹேண்ட் சின்ன ஆட்டோமேட்டிக் கார்: விலை கம்மியா இருந்தா போதுமா?

கடலூர் பாண்டி பக்கம் செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்கப் போறேன்னு வாயத் தொறந்தாலே ரெண்டு விதமான ஆளுங்க வந்துடுவாங்க. ஒருத்தர் "வேணாம் சார், கியர் பாக்ஸ் போச்சுன்னா லட்ச ரூபா எடுத்து வைக்கணும்"னு பயமுறுத்துவாரு, இன்னொருத்தர் "கிளட்ச் பெடலே இல்ல, தேயறதுக்கு என்ன இருக்கு, கண்ண மூடிட்டு வாங்குங்க"ம்பாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஆளுக்கொரு வண்டிய மனசுல வெச்சுப் பேசுறாங்க, ஆனா அது நீங்க பாக்கப் போற வண்டி இல்ல. ஆட்டோமேட்டிக்ங்கற ஒரே பேருக்குள்ள நாலு வேற வேற மெஷின் இருக்கு, ஒவ்வொண்ணும் தேயற விதம் வேற, ரிப்பேர் பாக்கற ஆள் கிடைக்கறதும் வேற. அது தெரியாம "மூணு லட்சம், நல்ல ரேட்டு"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

முட்டி வலி இருக்கறவங்க, ரிட்டயர் ஆயிட்டு இப்பதான் கார் எடுக்கறவங்க, மரப்பாலம் சிக்னல்லயும் முருங்கப்பாக்கத்துலயும் ஃபர்ஸ்ட் செகண்ட்னு மாத்தி மாத்தி இடது கால் மரத்துப் போனவங்க, இவங்கதான் இந்த வண்டிய அதிகமாத் தேடுறாங்க. மெக்கானிக் லெவலுக்குப் போகாம, பழைய கார் வாங்கி விக்கற கார் கன்சல்டிங்ல போய் நின்னா என்ன கேக்கணும், எத நம்பணும்ங்கற அளவுக்கு மட்டும் சொல்றேன்.

விலை வேற, வண்டி முழுங்குற காசு வேற

லீசுக்கு வீடு எடுக்கறது நமக்கெல்லாம் பழக்கம்தான். அஞ்சு லட்சம் குடுக்கறோம், மூணு வருஷம் இருக்கறோம், காலி பண்ணும்போது அந்த அஞ்சு லட்சத்தத் திருப்பி வாங்கிக்கறோம். அதனால யாரும் "இந்த வீட்டுக்கு அஞ்சு லட்சம் செலவாச்சு"ன்னு சொல்றதில்ல, அந்தப் பணத்துக்கு வந்திருக்க வேண்டிய வட்டிதான் நம்ம செலவு. காரையும் அப்படிப் பாருங்க. என்ன, இந்த லீசுல காலி பண்ணும்போது முழுப் பணம் திரும்பாது. நாலு லட்சத்துக்கு வாங்கி மூணு வருஷம் ஓட்டிட்டு ரெண்டே முக்கால் லட்சத்துக்குக் குடுத்தீங்கன்னா, வண்டி முழுங்கினது ஒண்ணேகால் லட்சம். அதுக்குப் பேர்தான் தேய்மானம், அதாவது வாங்கின விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல காணாமப் போற காசு. அதுமேல ரிப்பேர், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், கூடுதலாக் குடிக்கிற பெட்ரோல். இதெல்லாம் சேத்து வருஷத்துக்கு எவ்ளோன்னு வகுத்துப் பாத்தாதான் எந்த வண்டி சல்லிசுன்னு தெரியும்.

புது வண்டியோட தேய்மானம் முதல் மூணு நாலு வருஷத்துலதான் பெருசா அடி வாங்கும், அந்த அடிய முதல் ஓனர் வாங்கிக்கறாரு, செகண்ட் ஹேண்ட் வாங்கறதோட லாபமே அங்கதான் இருக்கு. இன்சூரன்ஸ் பேப்பர்ல ஐடிவின்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, வண்டி திருடு போனாலோ சுக்குநூறா ஆனாலோ கம்பெனி அதிகபட்சமாக் குடுக்கற தொகை அது. அதுக்கு ஒரு பொது அட்டவணை இருக்கு: ஒரு வருஷம் ஆன வண்டிக்கு 15 சதவீதம் கழிப்பாங்க, ரெண்டு வருஷத்துக்கு 20, மூணுக்கு 30, நாலுக்கு 40, அஞ்சுக்கு 50. அஞ்சு வருஷத்துக்கு மேல போனா கம்பெனியும் ஓனரும் பேசி வெச்சுக்கறதுதான். மார்க்கெட் விலை இந்த அட்டவணையப் பாத்து நடக்காது, நல்லா ஓடுற மாருதி இதவிடக் கூடவே போகும், யாரும் சீண்டாத மாடல் இதுக்கும் கீழ போகும். ஆனாலும் பேரம் பேசும்போது கையில ஒரு பிடி வேணும்ல, அதுக்கு இது ஆகும்.

இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து சின்ன காருங்களுக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு. சின்ன கார்னா நாலு மீட்டர் நீளத்துக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள. புது வண்டி விலை இறங்கினா பழசும் இறங்கித்தான் ஆகணும், ஆனா விக்கறவரு அவரு வாங்கின பழைய பில்லக் காட்டி "புதுசு இவ்ளோ சார்"னு ஆரம்பிப்பாரு. ஷோரூம்ல இன்னிக்கு ஆன்ரோடு என்னன்னு கேட்டு எழுதிட்டுப் போங்க, அவரோட பில்லு வரலாறு.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோதான்: கேக்குற விலை முக்கியம்தான், ஆனா திரும்ப வித்தா எவ்ளோ வரும், நடுவுல என்ன செலவு வைக்கும், இந்த ரெண்டும் தெரிஞ்சாதான் கணக்கு. நடுவுல வைக்கிற செலவுல ஆட்டோமேட்டிக்கோட பெரிய கேள்வியே கியர் பாக்ஸ்தான், அதனால அதுக்கு வருவோம்.

நாலு மெஷின், ஒரே பேரு

இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்துல சுத்தும்போதுதான் அதுக்குத் தெம்பு. வண்டியோ நின்ன எடத்துலேர்ந்து எம்பதுல போகணும். நடுவுல பல் சக்கரங்கள மாத்தி மாத்திப் போட்டு இந்த ரெண்டையும் ஒத்துப்போக வைக்கறது கியர் பாக்ஸ். மாத்தற நேரத்துல இன்ஜினையும் கியர் பாக்ஸையும் கொஞ்ச நேரம் பிரிச்சு வைக்கறது கிளட்ச். மேனுவல் வண்டில கிளட்ச இடது காலும் கியர இடது கையும் பாத்துக்குது. இந்த ரெண்டு வேலைய நமக்குப் பதிலா யாரு, எப்படிச் செய்யறாங்கங்கறதுலதான் நாலு வகையும் பிரியுது.

முதல்ல ஏஎம்டி. நம்ம ஊர்ல மூணு நாலு லட்சத்துல கிடைக்கற ஆட்டோமேட்டிக்ல முக்காவாசி இதுதான், அதனால இத நல்லாப் புரிஞ்சுக்குங்க. உள்ள இருக்கறது சாதா மேனுவல் கியர் பாக்ஸே, கிளட்ச் பிளேட்டும் இருக்கு, பிரஷர் பிளேட்டும் இருக்கு, பெடல் மட்டும்தான் இல்ல. கிளட்ச அமுக்கவும் கியரத் தள்ளவும் ஆக்சுவேட்டர்னு ஒரு சாமான் வெச்சிருப்பாங்க, ஆயில் பிரஷர்லயோ மோட்டர்லயோ வேலை செய்யற கை அது. எப்ப அமுக்கணும் எப்பத் தள்ளணும்னு சொல்றது டிசியுன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர். கியர் மாறும்போது ஒரு செகண்ட் வண்டி பின்வாங்கி நம்ம தலை லேசா முன்னாடி ஆடும், அது ரிப்பேர் இல்ல, அதோட குணம். இந்தியாவுல இத முதல்ல கொண்டுவந்தது 2014-ல மாருதி செலேரியோ, அப்புறம் ஆல்டோ கே10, வேகன் ஆர், க்விட், டியாகோ, சாண்ட்ரோன்னு வரிசையா வந்துச்சு. மேனுவல விடப் புதுசுல ஏறக்குறைய அம்பதாயிரம்தான் கூட, மைலேஜும் கிட்டத்தட்ட மேனுவல் அளவுக்கே குடுக்கும், அதனாலதான் இவ்ளோ வித்துச்சு.

ஆக "கிளட்சே இல்ல, தேய என்ன இருக்கு"ன்னவரு இங்க தோத்துட்டாரு, கிளட்ச் இருக்கு, தேயும். "லட்ச ரூபா"ன்னவரும் தோத்துட்டாரு, ஏன்னா பெரும்பாலும் போறது கிளட்ச் செட்டுதான், அது மேனுவல்ல ஆகுற செலவுக்குக் கொஞ்சம் மேல. ஒரே தொல்லை, புது கிளட்ச் போட்டதும் ஸ்கேனர், அதாவது வண்டி கம்ப்யூட்டரோட பேசுற கருவி, அத மாட்டி டிசியுவுக்கு "இதான் புது கிளட்ச், இங்கதான் புடிக்கும்"னு சொல்லிக் குடுக்கணும். ஸ்கேனர் இல்லாத பட்டறைல மாட்டிட்டு வந்தா வண்டி வெட்டி வெட்டிப் போகும். ஆக்சுவேட்டரே போச்சுன்னாதான் செலவு பெருசு, வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேன் பண்ணிப் பாருங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறதும் அதனாலதான்.

ரெண்டாவது டார்க் கன்வர்ட்டர். பழைய காலத்து, உண்மையான ஆட்டோமேட்டிக்னு மெக்கானிக்குங்க சொல்வாங்க. இதுல கிளட்ச் பிளேட் இருக்கற எடத்துல, ரெண்டு பக்கமும் இறக்கை வெச்ச சக்கரம் எதிரெதிரா இருக்கும், நடுவுல முழுக்க ஆயில். இன்ஜின் பக்கத்துச் சக்கரம் சுத்தினா ஆயில் தள்ளி எதிர் சக்கரத்தச் சுத்த வைக்கும், உரசுற தட்டு இல்ல. அதனால டிராஃபிக்ல ஊர்ந்து போறதுக்கு இதுமாதிரி சுகம் எதுலயும் கிடையாது. ஹூண்டாய் ஐ10, கிராண்ட் ஐ10-ல நாலு கியர் உள்ளது, ஹோண்டா பிரியோல அஞ்சு கியர் உள்ளது, மாருதி ஏ-ஸ்டார்ல கூட வந்துச்சு. குறைன்னா பெட்ரோல், பழைய நாலு கியர் வண்டிங்க நல்லாவே குடிக்கும். ஏடிஎஃப்னு ஒரு தனி ஆயில் உள்ள இருக்கும், அதுதான் சக்தியக் கடத்தறது, கியர மாத்தறது, சூட்டத் தணிக்கறது எல்லாமே. அத "லைஃப் டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்"னு யாராவது சொன்னா, யாரோட லைஃப்னு கேளுங்க. ஆயில் மாத்தின பில்லு இருந்தா இந்த வகை ரொம்ப காலம் வரும், இல்லாம ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டின்னா நான் தொடமாட்டேன்.

மூணாவது சிவிடி. பல் சக்கரமே கிடையாது, கூம்பு வடிவத்துல ரெண்டு புல்லி, நடுவுல ஒரு பெல்ட். புல்லி விரியவும் சுருங்கவும் பெல்ட் மேல கீழ ஏறி எறங்கி விகிதம் மாறிட்டே இருக்கும், கியர் மாறற குலுக்கலே தெரியாது. ஆக்டிவா ஸ்கூட்டர்ல இருக்கறதும் சிவிடிதான், அதுல ரப்பர் பெல்ட், கார்ல ஸ்டீல் பெல்ட். 2015-லேர்ந்து வந்த மாருதி பெலினோ, ஹோண்டா ஜாஸ், அதுக்கு முன்னாடி நிசான் மைக்ரா, 2019-ல டட்சன் கோ, இதெல்லாம் சிவிடி. நிதானமா ஓட்டற குடும்பத்துக்கு அருமையான சாமான், ஆனா உள்ள போச்சுன்னா பிரிச்சுப் பாக்கற ஆள் நம்ம பக்கம் கிடைக்கறது கஷ்டம், பெரும்பாலும் முழுசா மாத்துங்கம்பாங்க. அந்த "லட்ச ரூபா"க்காரரு இதத்தான் எங்கயோ பாத்திருக்காரு. ஒரு கம்பெனி இந்தியாவ விட்டுப் போயிருந்தாலோ மாடல நிறுத்தியிருந்தாலோ பார்ட்ஸுக்கு எத்தன நாள் நிக்கணும்னும் யோசிக்கணும்.

நாலாவது டிசிடி, ரெண்டு கிளட்ச் உள்ளது. 1, 3, 5-க்கு ஒரு கிளட்ச், 2, 4, 6-க்கு ஒரு கிளட்ச், அடுத்த கியர் முன்கூட்டியே ரெடியா நிக்கும். 2013-ல வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ இந்த வகைதான். ஓட்ட ஜோரா இருக்கும். மூணு நாலு லட்சத்துக்குள்ள, வாரன்டி இல்லாம, முதல் கார் வாங்கறவருக்கு இது வேணாம், அவ்ளோதான்.

வண்டியப் பாத்தே எந்த வகைன்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு, கியர் லீவரப் பாருங்க. பி (பார்க்கிங்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்)-ன்னு நாலு எழுத்தும் இருந்தா டார்க் கன்வர்ட்டரோ சிவிடியோ டிசிடியோ. பி இல்லாம ஆர், என், டி மட்டும் இருந்தா நம்ம சின்ன காருங்கள்ல அது பெரும்பாலும் ஏஎம்டிதான், க்விட்ல லீவருக்குப் பதிலாத் திருகுற பட்டன் இருக்கும். மாருதிக்காரங்க ஏஜிஎஸ்னு எழுதியிருந்தாலும் ஏஎம்டிதான். மாடல் பேர மட்டும் நம்பாதீங்க, பெலினோ 2022-ல சிவிடிலேர்ந்து ஏஎம்டிக்கு மாறிடுச்சு, அப்ப 2021 பெலினோவும் 2022 பெலினோவும் கியர் பாக்ஸ் கணக்குல வேற வேற வண்டி.

சுருக்கமா: ஏஎம்டின்னா கிளட்ச் தேய்ஞ்சிருக்கான்னு பாக்கணும், டார்க் கன்வர்ட்டர்னா ஆயில் மாத்தின பில்லு கேக்கணும், சிவிடின்னா பில்லும் வேணும் பார்ட்ஸும் விசாரிக்கணும்.

எத்தன கிலோமீட்டர்ங்கறத விட எப்படி ஓடுச்சுங்கறது

எல்லாரும் முதல்ல மீட்டரத்தான் எட்டிப் பாப்பாங்க. முப்பதாயிரம் ஓடின வண்டி எம்பதாயிரம் ஓடினத விட நல்லதுன்னு ஒரு நம்பிக்கை. ஏஎம்டில இது தலைகீழாக்கூட இருக்கும். தினம் கடலூர்லேர்ந்து பாண்டிக்கு ஹைவேல வேலைக்குப் போய் வந்த வண்டி எம்பதாயிரம் ஓடியிருந்தாலும் கிளட்ச் அதிகமா வேலை செஞ்சிருக்காது, டாப் கியர்ல போட்டா அது பாட்டுக்குப் போயிருக்கும். அதே நேரு வீதிலயும் காமராஜர் சாலைலயும் பத்து வருஷம் ஊர்ந்த முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டில, ஊர்ந்த ஒவ்வொரு அடியும் கிளட்ச் பாதி புடிச்சு பாதி வழுக்கி நகந்ததுதான். அதுலயும் சில பேரு மேம்பாலத்து ஏத்தத்துல டிராஃபிக் நின்னா பிரேக் மிதிக்காம ஆக்சிலேட்டர லேசா மிதிச்சே வண்டியப் புடிச்சு நிறுத்துவாங்க, அது கிளட்ச அடுப்புல வைக்கற வேலை. "லேடீஸ் யூஸ்டு, சிட்டி டிரைவிங் மட்டும்தான் சார்"னு ஒருத்தர் பெருமையாச் சொன்னா, ஏஎம்டி வண்டிக்கு அந்த சிட்டி டிரைவிங் நல்ல சர்ட்டிஃபிகேட் இல்லன்னு மனசுல குறிச்சுக்குங்க.

மீட்டரும் உண்மை சொல்லணும்னு இல்ல. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனர விட்டே கேக்கச் சொன்னா சர்வீஸ் ஹிஸ்டரி எடுத்துடலாம், ஒவ்வொரு தடவையும் எத்தன கிலோமீட்டர்ல வந்துச்சுன்னு அதுல வரிசையா இருக்கும், நடுவுல நம்பர் கீழ இறங்கியிருந்தா கதை முடிஞ்சுது. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் அடிச்சிருக்கும், 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். 2019 வண்டி, இருபதாயிரம்தான் ஓடிச்சுன்னு சொல்றாங்க, ஆனா நாலு டயரும் 2023-ல செஞ்சதுன்னா ஏன் மாத்துனீங்கன்னு கேளுங்க. பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருக்கா, ஸ்டீயரிங் தோல் பளபளன்னு ஆயிடுச்சான்னு பாருங்க.

ஓட்டிப் பாக்கும்போது

"நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு ஃபோன்லயே சொல்லிடுங்க. போனதும் பானட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ மறைக்கறாங்கன்னு சந்தேகப்படலாம். ஆறின வண்டில பிரேக்க மிதிச்சு என்-லேர்ந்து டி, டி-லேர்ந்து ஆர் போடுங்க, பளார்னு ஒரு இடி இடிச்சாலோ போட்டு ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுதான் புடிச்சாலோ நல்லதில்ல.

நம்ம ஊரு தட்டை, இங்க நேராப் போயிட்டு வந்தா எந்த கியர் பாக்ஸும் நல்லாத்தான் இருக்கும். ஏத்தம் தேடிப் போகணும். கடலூர்க்காரங்களுக்குக் கேப்பர் மலை ஏத்தம் இருக்கு, பாண்டிக்காரங்க அரும்பார்த்தபுரம் மேம்பாலத்துக்குப் போங்க. பின்னாடி வண்டி இல்லாத நேரமாப் பாத்து ஏத்தத்துல நிறுத்தி, திரும்ப எடுங்க. இன்ஜின் சத்தம் ஏறுது, வண்டி அந்த அளவுக்கு ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. கருகின வாடை வந்தா கேக்கவே வேணாம். அப்புறம் ஒரு இருபது நிமிஷமாவது ஓட்டணும், ஏன்னா கியர் பாக்ஸ் கோளாறுல பாதி சூடானப்புறம்தான் தலைகாட்டும், கன்சல்டிங்க சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்தா அது தெரியாது. சூடானதும் திரும்ப அதே டி, ஆர் மாத்திப் பாருங்க. கடைசியா நீங்களே ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய் ஸ்கேனர் போடச் சொல்லுங்க. டாஷ்போர்டுல விளக்கு எரியலங்கறது போதாது, நேத்து ராத்திரி அழிச்சிருக்கலாம், பதிவாகி நிக்கிற பழைய கோளாறு ஸ்கேனர்ல பெரும்பாலும் வந்துடும். மெக்கானிக்குக் குடுக்கற காசு செலவு இல்லன்னு யாரும் சொல்லல, ஆனா மொத்தக் கணக்குல அதவிடச் சின்ன செலவு எதுவும் இல்ல.

தண்ணில நின்ன வண்டியா

இது நம்ம ஊருக்குன்னே உள்ள தலைவலி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்தப்ப பாண்டில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் கார் முங்கிப் போச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி வந்து தென்பெண்ணை கடலூரத் தூக்கிச் சாப்ட்டுச்சு. 2015 மழைய கடலூர்க்காரங்களுக்கு ஞாபகப்படுத்தவே வேணாம். அந்த வண்டிங்க எல்லாம் எங்க போயிருக்கும்? கழுவி, பாலிஷ் போட்டு, திரும்ப விலைக்குத்தான் வந்திருக்கும். மேனுவல் வண்டில தண்ணி பூந்தாலே தொல்லை, ஆட்டோமேட்டிக்ல கியர் மாத்தறதே ஒரு கம்ப்யூட்டரும் அதோட ஒயரும் கனெக்டரும்தான், அதுல பச்சைக் களிம்பு புடிச்சா ஆறு மாசம் நல்லா ஓடிட்டு ஏழாவது மாசம் நடு ரோட்ல என்-லயே நின்னுடும், காரணமும் சட்டுன்னு கண்டுபுடிக்க முடியாது.

சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, அடில சுத்தியிருக்கற பாகத்துல சேறு கோடு தெரியும், யாரும் அதக் கழுவறதில்ல. ஸ்டெப்னி வைக்கற குழில துரு, சீட்டுக்கு அடில உள்ள போல்ட்டுல துரு, ஃபியூஸ் பாக்ஸ் ஓரத்துல மண்ணு, மிதியடிய தூக்கினா ஒரு ஈர வாடை. டார்க் கன்வர்ட்டர் வண்டின்னா ஆயில் வெளுத்துக் கலங்கி இருக்கான்னு மெக்கானிக்க பாக்கச் சொல்லுங்க. இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரில டிசம்பர் மாசத்துல பெரிய தொகை இருந்தா, எதுக்குன்னு கேக்க வெக்கப்படாதீங்க. கடற்கரைப் பக்கம் தெருவுலயே நிறுத்தி வெச்ச வண்டின்னா உப்புக் காத்து வேலையும் இருக்கும், லிஃப்ட்ல தூக்கி அடில பாக்காம முடிவு பண்ணாதீங்க.

இப்ப கணக்கப் போடுவோம்

நம்பரெல்லாம் புரியறதுக்காக நான் வெச்சுக்கறது, உங்க வண்டிக்கு உங்க நம்பரப் போட்டுக்குங்க. ரெண்டு ஏஎம்டி பாக்கறீங்க. முதல் வண்டி 2017 மாடல், 3,20,000 கேக்கறாங்க. கிளட்ச், ரெண்டு டயர், பேட்டரின்னு வாங்கினதும் 45,000 வைக்கும். நாலு வருஷம் கழிச்சு 1,80,000-க்குப் போகும்னு வெச்சுக்குவோம். அப்ப 1,40,000 தேய்மானம், 45,000 வேலை, மொத்தம் 1,85,000, மாசத்துக்கு ஏறக்குறைய 3,850 ரூபா. ரெண்டாவது வண்டி 2021 மாடல், 4,80,000. வேலை 15,000-தான். நாலு வருஷம் கழிச்சு 3,00,000 வரும். 1,80,000-மும் 15,000-மும் சேந்து 1,95,000, மாசத்துக்கு 4,060 சொச்சம்.

பாத்தீங்களா, விலைல 1,60,000 வித்தியாசம், மாசச் செலவுல இருநூறு ரூபா வித்தியாசம்தான். பழச வாங்கறது பெரிய மிச்சம்னு நெனச்சது எங்க போச்சு?

ஆனா அவசரப்படாதீங்க, அந்த 1,60,000-க்கு வட்டி இருக்கு. உங்க டெபாசிட்லேர்ந்து எடுத்தா, ஏழு சதவீதம்னு வெச்சா வருஷம் 11,200, மாசம் தொள்ளாயிரத்துச் சொச்சம் போச்சு. யூஸ்டு கார் லோன்ல எடுத்தா புது காரு லோன விட வட்டி கூடவே இருக்கும், அப்ப வித்தியாசம் இன்னும் ஏறும். அதனால காசு கணக்குல மட்டும் பாத்தா நல்லா இருக்கற 2017 வண்டி ஜெயிக்கும், "நல்லா இருக்கற"ங்கற வார்த்தைலதான் எல்லாம் தொங்குது, அதுல ஆக்சுவேட்டர் போச்சுன்னா அந்த மிச்சம் அப்படியே கரைஞ்சிடும். என்னக் கேட்டா காசோட இன்னொண்ணையும் தராசுல வைப்பேன். டிரைவர் ஏர்பேக் எல்லா புது காருக்கும் கட்டாயம் ஆனதே 2019 ஜூலைலதான், பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம் ஆனது 2021 கடைசில. 2017-ல பேஸ் மாடல்ல ஏர்பேக்கே இல்லாம வித்த வண்டி உண்டு. ஈசிஆர்ல பொண்டாட்டி புள்ளைங்களோட போறவருக்கு மாசம் ஆயிரம் ரூபாய்க்கு அது பெரிய விஷயம், எனக்கு அதுல ரெண்டாவது பேச்சு இல்ல.

மூணாவதா 2012 டார்க் கன்வர்ட்டர் ஒண்ணு 1,90,000-க்கு வரும், ஆசையா இருக்கும். ஆர்சி 15 வருஷத்துக்குத்தான், 2027-ல புதுப்பிக்கணும், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா. பெட்ரோலும் பாருங்க, மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறவருக்கு 18 குடுக்கற வண்டிக்கும் 13 குடுக்கற வண்டிக்கும் இருபது லிட்டருக்கு மேல வித்தியாசம். பாண்டில பெட்ரோல் சில ரூபா கம்மிதான், அதுக்காக இருபது லிட்டர் சும்மா வராது. மாசம் இருநூறு கிலோமீட்டர் ஓட்டற ரிட்டயர்டு ஆளுக்கு இந்த வண்டியே போதும், ஆயில் பில்லு இருந்தா.

பிஒய் நம்பரா, டிஎன் நம்பரா

கடலூர்க்காரங்க அதிகமா சறுக்குற எடம் இது. பாண்டில ரோடு டாக்ஸ் தமிழ்நாட்ட விடக் கம்மி, அதனால பாண்டில பதிவான பிஒய் 01 வண்டி, கடலூர்ல பதிவான டிஎன் 31 வண்டிய விட விலை கம்மியாக் கிடைக்கும். ஆனா நீங்க குடியிருக்கறது மஞ்சக்குப்பத்துலயோ திருப்பாதிரிப்புலியூர்லயோன்னா, வேற மாநில வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சு ஓட்டினா இங்க ரீ-ரெஜிஸ்டர் பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. பாண்டி ஆர்டிஓல ஃபார்ம் 28 போட்டு என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லங்கற சர்ட்டிஃபிகேட் வாங்கி, இங்க வண்டியோட வயசுக்கு ஏத்த டாக்ஸ் கட்டணும். "அதெல்லாம் ஓட்டிக்கலாம் சார், யாரு பாக்கறா"ன்னு புரோக்கர் சொல்வாரு, புடிச்சா ஃபைன் கட்டறது அவரு இல்ல. டாக்ஸ் எவ்ளோ வரும்னு ஆர்டிஓ ஆபீஸ்ல விசாரிச்சு, வண்டி விலையோட சேத்து, அப்புறம் டிஎன் வண்டியோட ஒப்பிட்டுப் பாருங்க. பாண்டிலயே இருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, பிஒய் வண்டியே எடுங்க.

பரிவாகன் ஆப்ல நம்பரப் போட்டா எத்தனாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப வரைக்கும்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும், இ-சலான் பாக்கியும் தனியாப் பாத்துக்குங்க. ஆர்சில எச்பின்னு (லோன்ல வாங்கின வண்டிங்கற குறிப்பு) பேங்க் பேர் இருந்தா, லோன் கட்டி முடிச்ச பேங்க் லெட்டரும், அந்தக் குறிப்ப நீக்கற ஃபார்ம் 35-ம் கைல வராம முழுப் பணம் குடுக்காதீங்க. பேர் மாத்த ஃபார்ம் 29, 30.

இன்சூரன்ஸ்ல ஒரு விஷயம். பழைய ஓனரோட என்சிபி, அதாவது கிளெய்ம் பண்ணாததுக்காக அவருக்குக் கிடைச்ச தள்ளுபடி, வண்டியோட வராது, அது அவரோடயே போயிடும். அதனால "இன்சூரன்ஸ் பிரீமியம் ரொம்பக் கம்மி சார்"னு அவரு காட்டற தொகை உங்களுக்கு வராது, கூடத்தான் வரும், அதையும் கணக்குல சேருங்க. வாங்கின 14 நாளுக்குள்ள பாலிசிய உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடணும், தள்ளிப் போட்டு நடுவுல எங்கயாவது இடிச்சீங்கன்னா உங்க வண்டி டேமேஜுக்குக் கிளெய்ம் சிக்கலாயிடும். பழைய ஓனரோட ஃபாஸ்டேக்கையும் அவர விட்டே க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டு உங்க பேர்ல புதுசு ஒட்டுங்க, இல்லன்னா நீங்க எந்த டோல்ல எத்தன மணிக்குத் தாண்டுனீங்கன்னு அவருக்கு மெசேஜ் போயிட்டே இருக்கும், காசு போச்சேன்னு அவரும் ஃபோன் பண்ணிட்டே இருப்பாரு.